இட்லித் தட்டு அடுக்கத் தெரியாத அம்மா

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம். போன தடவை லீவில் வந்தபோது, வீடியோ கேமும் கலைதான் என்று நீ சொல்ல, விளையாட்டு விளையாட்டுதான், அதற்கு எதற்கு அவ்வளவு பெரிய பட்டம் என்று நான் சிரித்துவிட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். முப்பத்திரண்டு வயசுக்கு அந்தக் கோபம் கொஞ்சம் அதிகம், ஆனாலும் சிரித்தது என் தப்புதான்.

நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012-ல் பேக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்ததைப் பெரிய சாட்சியாகக் காட்டுகிறாய். எனக்கு அது போதவில்லை. அவர்கள் சேர்த்தது கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவில், நல்ல நாற்காலிகளையும் வைத்திருக்கிற பிரிவு அது. அதைவிட, உனக்குப் பிடிக்காத அந்த அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்தான் என்னை யோசிக்க வைத்தார். விளையாட்டுக்கு விதி உண்டு, புள்ளி உண்டு, அதில் ஜெயிக்கலாம், கலையில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது என்று 2010-ல் அவர் வாதம் செய்தார். கேம்களோடு சரியான பழக்கமில்லாமல் அதை எழுதியிருக்கக் கூடாது என்று சில மாதத்திலேயே ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடித்தது. கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை, மனிதர் பிடிவாதக்காரர்.

ஆனால் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளிடம் அந்த வாதம் நிற்காது. காளமேகத்துக்கு என்ன நடந்தது? 'குடத்திலே கங்கை அடங்கும்' என்று ஈற்றடியைக் கொடுத்து, முடிந்தால் பாடு பார்க்கலாம் என்றார்கள். கங்கை குடத்தில் எப்படி அடங்கும்? அந்த மனுஷன் முன்னால் 'சடாம' என்று ஒட்டி, குடத்தைச் சிவனுடைய சடாமகுடம் ஆக்கிவிட்டார், கங்கை அடங்கிவிட்டது. விதி இருக்கிறது, தளை தட்டக் கூடாது, ஈற்றடி மூன்று சீர்தான், எதிரில் தோற்கடிக்கக் காத்திருக்கிற கூட்டம். ஜெயித்தார். அது வெண்பா இல்லை என்று யாராவது சொன்னார்களா?

சரி, வெண்பாவுக்கு வருகிறேன். உன் சித்தி பையன் லேப்டாப்பைக் கொண்டுவந்து 'வெண்பா' என்கிற கேமைப் போட்டுக் கொடுத்தான். டொரண்டோவில் ஒரு சின்னக் குழு 2023-ல் வெளியிட்டதாம், அடுத்த வருஷம் பாஃப்டாவில், அதுதான் சினிமாவுக்கும் கேமுக்கும் கொடுக்கிற அந்த பிரிட்டிஷ் விருது, சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியதாம். 1988-ல் கனடாவில் குடியேறியிருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா, மகன் கவின். அவளுடைய அம்மாவின் பழைய சமையல் புத்தகத்தில் வரிகள் அழிந்துபோயிருக்கின்றன, விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவதே இட்லி. ஆவி மேலே போகிற மாதிரி தட்டு அடுக்க வேண்டும், நான் தப்பாக அடுக்கிவிட்டேன்! நாற்பது வருஷமாகத் தூக்கக் கலக்கத்திலும் சரியாக அடுக்குகிற கை. உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் கவனித்தேன், என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, எந்த ஓட்டை எதற்கு மேல் வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி நம் இட்லிப் பானையை இறக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

அப்புறம் கேமில், மகன் வருகிறான் என்று வெண்பா வகைவகையாகச் சமைக்கிற இடம். சமைப்பது நாம்தான், ஒவ்வொன்றாக. அவன் வரவில்லை. சினிமா என்றால் அவளுக்காகக் கொஞ்சம் அழுதிருப்பேன். இங்கே எனக்குக் கோபம்தான் வந்தது, செய்தது என் கை அல்லவா, இவ்வளவையும் இப்போது யார் சாப்பிடுவது என்று நிஜமாகவே ஒரு எரிச்சல். கதையில் வருகிறவளின் வேலையை என் தலையில் கட்டி, அவளுடைய ஏமாற்றத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நான் படித்த எந்தக் கதையும் இதை இந்த வழியில் செய்ததில்லை. அதனால் ஒப்புக்கொள்கிறேன், கலைதான். உடனே குதிக்காதே. நீ விடிய விடிய துப்பாக்கி கேமில் சுட்டுத் தள்ளுகிறாயே, அதற்கும் சேர்த்துச் சொல்லவில்லை. எதுகை மோனை வைத்ததெல்லாம் கவிதையா என்ன?

அருங்காட்சியகம் சேர்த்த அந்த 14 கேம்களில் 'பாசேஜ்' என்று ஒன்று, நடக்க நடக்க வயசாகி ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆயுசு முடிந்துவிடும் என்றாயே, துணையைச் சேர்த்துக்கொண்டால் குறுகலான வழிகளில் நுழைய முடியாது என்றும் சொன்னாய். அதை எப்படிப் போடுவது என்று எழுது. சனிக்கிழமை உன் தம்பி லேப்டாப்பை எடுத்துப் போய்விடுவான்.

அம்மா