வீரக்கல் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தலைக்கட்டு வரி தந்த 186 குடும்பங்களுக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் வணக்கம். சியாச்சின் பனிமலையில் காவல் பணியில் இருந்தபோது உயிர்விட்ட நம் ஊர் ராணுவ வீரருக்குக் கல் நிறுத்தும் வேலை முடிந்துவிட்டது. பெயர் கல்லில் இருக்கட்டும், தாளில் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

கணக்கை முதலில் வைக்கிறோம். தலைக்கட்டுக்கு 1,500 வீதம் 2,79,000. வெளியூர் பிள்ளைகள் தந்தது 1,42,000. சுற்று வட்டார முன்னாள் படைவீரர்கள் தந்தது 61,000. ஆக வரவு 4,82,000 ரூபாய். செலவில் கல்லுக்கும் சிற்பக் கூலிக்கும் 2,10,000, லாரி மற்றும் ஏற்றி இறக்க 28,500, அடித்தளம் 1,18,400, சுற்றுத் தளம் 46,200, கொடிக்கம்பம் 31,000, திறப்பு நாள் செலவு 22,600. மொத்தம் 4,56,700. கையிருப்பு 25,300 ரூபாய்.

அடித்தளத்துக்கு ஊர்க் கூட்டத்தில் நாங்கள் சொன்ன தொகை 62,000. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. இதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

மூன்றடி ஆழம் போதும் என்றுதான் மதிப்பீடு போட்டிருந்தோம். அது தவறு. மாசி வெயிலில் இடத்தை அளந்தபோது கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கம்பியை விட்டுப் பார்த்தால் நாலடி இறங்கியது. வெடிப்பு இறங்கும் ஆழம் வரை மண் ஆண்டுதோறும் அசையும் என்று அர்த்தம்; ஐப்பசி மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அந்த மண்ணின்மேல் ஒரு டன் கல்லை நிறுத்தினால் ஈரம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் போகையில் கல் சாயத் தொடங்கும். நம் பக்கத்துச் சுற்றுச்சுவர்கள் பலவும் விரிசல் விட்டு நிற்பது இதனால்தான். ஆகவே கரிசலுக்கு அடியில் கெட்டியாகக் கிடக்கும் சுக்கான் தட்டும் வரை தோண்டினோம். ஆறரை அடியில் தட்டியது.

குழி 6 அடிக்கு 6 அடி. அடியில் செம்மண் சரளை அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து ஓரடி உயர்த்தினோம். அதன்மேல் 4 அங்குலம் சல்லிக் காரை, பிறகு 12 மி.மீ. கம்பியை 6 அங்குல இடைவெளியில் மேலும் கீழும் இரண்டு வலையாகக் கட்டி ஓரடி கனத்தில் கான்கிரீட். கலவை சிமெண்ட், மணல், சல்லி 1:1½:3. அதிலிருந்து எழுப்பிய பீடத்தில் கல்லின் கால் இறங்க இரண்டடி ஆழப் பள்ளம் விட்டோம். சணல் சாக்கு போர்த்தி 21 நாள் தண்ணீர் ஊற்றினோம்; 28 நாள் ஆன பிறகே பாரம் ஏற்றினோம். தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளி மூடினால் செலவு குறையுமே என்று சிலர் கேட்டீர்கள். அது நனைந்து ஊதிப் பீடத்தை நெருக்கும். மணல் போட்டால் மழைநீரை உள்ளே இழுத்துக் குழியில் தேக்கிவைக்கும். சரள்தான் சரி.

கல் மயிலாடியில் செதுக்கியது. 9 அடி உயரம், 2½ அடி அகலம், 8 அங்குல கனம். கருங்கல் ஒரு கன அடி 76 கிலோ சுமாருக்கு வரும். இந்தக் கல் 15 கன அடி, 1,140 கிலோ. தட்டிப் பார்த்து ஓசையை வைத்து நாலைந்து கல்லைத் தள்ளினார் சிற்பி. தேர்ந்த கல்லையும் முழுக்க நனைத்துக் காயவிட்டார். மயிரிழை விரிசல் இருந்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகத் தெரியும். நடுகல்லுக்கு நம் முன்னோர் வகுத்த ஆறு படிகளில், கல்லை நீராட்டும் நீர்ப்படை ஒன்று. அந்தச் சடங்கை எங்களுக்கு இது நினைவூட்டியது.

உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருந்தது. துப்பாக்கி நீட்டிச் சுடுகிற மாதிரி வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். 2003 நவம்பர் முதல் சியாச்சின் பனியாற்றில் போர்நிறுத்தம் இருக்கிறது. அங்கே உயிரை வாங்குவது பெரும்பாலும் பனிச்சரிவும் பனிப்பிளவும் காற்றில்லாத உயரமும்தான். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும். மேகம் மூடினால் சீட்டா ஹெலிகாப்டர் பறக்க முடியாது. நம் வீரர் போனது அப்படி. சுடுகிற மாதிரி செதுக்கினால் அது பொய்யாகிவிடும். அவர் பட்ட பாட்டையும் மறைத்துவிடும்.

எனவே பனி உடை, கண்ணாடி, இடுப்பில் கயிறு, பூட்ஸின் அடியில் முள் பட்டை, கையில் பனிக்கோடாரி. கயிற்று முடிச்சை முன்னாள் வீரர் ஒருவர் நைலான் கயிற்றில் கட்டிக் காட்டினார்; சிற்பி அதை அருகில் வைத்துக்கொண்டே செதுக்கினார். புரி சுற்றும் திசைகூட மாறவில்லை. கோடாரிக் காம்பு மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். துருத்திக்கொண்டு நிற்கும் மெல்லிய கல் ஒரு இடியில் ஒடிந்துவிடும் என்பதால் அப்படி.

எழுத்துகளைப் பளபளப்பாக்கிய கல்லில் வண்ணம் பூசி எழுதவில்லை. வெயிலில் வண்ணம் போகும், 5 மி.மீ. ஆழத்தில் வெட்டினால் நிழலே எழுத்தைக் காட்டும். தப்பு நேர்ந்தால் முகம் முழுவதையும் 5 மி.மீ. தேய்த்தெடுக்க வேண்டும் என்பதால், வாசகத்தை அதே அளவில் தாளில் எழுதிப் பத்து நாள் சாவடிச் சுவரில் ஒட்டினோம். மூன்று பிழை கிடைத்தது. அதில் ஒன்று பிறந்த தேதி: பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ராணுவத் தாளில் ஒன்று. ராணுவத் தாளில் உள்ளதையே வெட்டினோம். சிங்க முத்திரை இல்லையே என்று கேட்பவர்களுக்கு: அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெயர் வரியைத் தரையிலிருந்து நாலடியில் வைத்தோம். அவர் அம்மாவுக்குக் கை எட்ட வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் வைக்காததற்கும் காரணம் உண்டு. பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. சாலை அகலமானால் கல்லைப் பிடுங்கவும் நேரும். பட்டா நிலத்தில் 2 சென்ட் தானமாகக் கிடைத்தது, பத்திரம் பதிந்தாயிற்று.

லாரியில் கல்லை மல்லாக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, மணல் மூட்டை அண்டைகொடுத்துக் கொண்டுவந்தோம். மல்லாந்த கல் குலுக்கலில் நடுவில் முறியும். மின்கம்பி குறுக்கே போவதால் கிரேன் நுழையவில்லை. முக்காலி கட்டி 2 டன் செயின் பிளாக்கில் தூக்கி நிறுத்தினோம். தூக்குக்குண்டு பார்த்து, மர ஆப்பு இறுக்கி, கிரௌட் என்னும் சுருங்காத சிமெண்ட் கலவை ஊற்றினோம். மூன்றாம் நாள் ஆப்புகளை உருவி அந்தத் துளைகளையும் அடைத்தோம். உள்ளே விட்டால் மரம் ஈரத்தில் ஊதிக் கல்லையே தெறிக்க வைக்கும்.

இனி உங்கள் கையில் இருப்பது. கல்லைச் சுற்றி 4 அடி அகலத் தளம் வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கிறது; அதில் விரிசல் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள், தண்ணீர் இறங்கக் கூடாது. நிழலுக்கு வேம்பு வைக்க ஆசைப்படுகிறீர்கள். வேர் ஈரத்தை உறிஞ்சினால் கரிசல் அந்தப் பக்கம் சுருங்கும். 30 அடி தள்ளி வையுங்கள். பட்டவருக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நம் சீமை வழக்கம், மாலை போடுங்கள், விளக்கு வையுங்கள். எண்ணெயும் சந்தனமும் எழுத்தில் பூச வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். ஆனி, ஆடி மேல்காற்றில் கொடியின் ஓரம் கிழியும். கிழிந்த கொடி பறக்கக் கூடாது. அந்த இரண்டு மாதமும் கொடி ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

கையிருப்பு 25,300 பராமரிப்புக்காக வங்கியில் போடப்பட்டுள்ளது. ரசீதுகளும் பத்திர நகலும் சாவடியில் இருக்கின்றன. ஞாயிறு காலை 9 முதல் 11 வரை யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வீரக்கல் திருப்பணிக் கமிட்டி