அண்ணனின் கிட்னியைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணன் மறுபடியும் ரப்பர் பால் வெட்டப் போக ஆரம்பித்துவிட்டான். விசாரித்த எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி மார்த்தாண்டத்துக் கண் டாக்டருக்கு. பார்வை மங்குகிறது, கண்ணாடி மாற்றலாம் என்றுதான் அண்ணன் போனான். அவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது மூளையிலயோ கிட்னியிலயோ கட்டி வந்திருக்கா?" என்று கேட்டார். அப்பா சிறுமூளைக் கட்டியில் போனவர், அத்தை கிட்னி புற்றுநோயில். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை. வான் ஹிப்பல் லின்டாவ் என்ற பரம்பரை நோயின் பெயரை அன்றுதான் கேட்டோம். ஒரே ஒரு மரபணுவில் பழுது. கண், மூளை, தண்டுவடம், கிட்னி, கிட்னிக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி என்று எங்கு வேண்டுமானாலும் கட்டி வரும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஸ்கேனில் ரெண்டு கிட்னியிலும் கட்டிகள். உடனே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினோம். திருவனந்தபுரத்து டாக்டர் பேப்பரில் படம் வரைந்து காட்டினார். கட்டி ஆயுள் முழுக்க வந்துகொண்டே இருக்குமாம், ஒவ்வொன்றுக்கும் கத்தி வைத்தால் கடைசியில் டயாலிசிஸில்தான் போய் நிற்க வேண்டும், 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரை பரவும் ஆபத்து மிகக் குறைவு, அதனால் அளந்துகொண்டே இருந்து அந்த அளவு வந்ததும் கட்டியை மட்டும் எடுப்போம் என்றார். உடம்புக்குள் கட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பது லேசான காரியம் இல்லை. பழைய அளவையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, "அண்ணா, 2.4தான், போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிய ஸ்கேன் அறைத் தங்கச்சியை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

கட்டி அந்த அளவுக்கு வந்து ஆபரேஷன் என்று முடிவானபோது, அட்ரினலில் கட்டி இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் தொடமாட்டேன் என்று நின்ற மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி. அந்தக் கட்டி இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் பிரஷர் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது.

எங்கள் சர்ச்சின் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவில், பிரித்துத் தந்த பணம் அறைவாடகைக்கும் மருந்துக்கும் உதவியது. அண்ணனின் கூட்டுக்காரர்கள் செய்ததுதான் என்னை அழ வைத்தது. தங்கள் மரங்களை வெட்டி முடித்த கையோடு அவனுடைய மரங்களையும் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்துக் காயவைத்து, விற்ற கணக்கை அண்ணி கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அத்தை மகளே, உனக்குத் தனியாகச் சொல்லணும். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் நீ மரபணு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாய். இருக்கிறது என்று வந்தது. கண்ணில் கட்டி பொடியாக இருக்கும்போதே லேசர் வைத்துவிட்டார்கள். உன்னைப் பார்த்துத்தான் அண்ணனின் பிள்ளைகளுக்கும் பார்த்தோம். மகளுக்கு இருக்கிறது, வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. மகனுக்கு இல்லை, அவனுக்கு இந்த ஸ்கேன் எதுவும் இனி வேண்டாம்.

அருமனை, களியல் பக்கம் இருக்கிற அப்பா வழிச் சொந்தங்களே, நீங்களும் ஒரு தடவை இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.