அதிகாலையில் மைக் செட் ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்துவிட்டால் வாசகர் கடிதங்களில் கோயில் மைக் செட் பற்றிய புகார் வராமல் இருப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குள் பாட்டு வரிவரியாகக் கேட்கிறது, சத்தத்தை ஏற்றிவிட்டார்கள் என்பார் ஒருவர். நேற்று மாலை வைத்த அளவுதான், யாரும் கை வைக்கவில்லை என்பார் விழாக் குழுக்காரர். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மாறியிருப்பது இடையில் உள்ள காற்று.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 30 டிகிரியில் 349. டிகிரிக்கு 0.6 மீட்டர்தான் வித்தியாசம் என்றாலும், தூரம் போகப் போக அதுவே ஒலியின் பாதையை வளைத்துவிடும். வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிர்ந்தும் இருக்கும். அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. சில நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் தலைக்கு மேலேயே அது போய்விடும். அங்கே விழும் ஒலி நிழலில் 20 டெசிபல் வரைகூடக் குறையும்.

மேகமும் காற்றும் இல்லாத மார்கழி இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று சில்லிட்டு, அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாக நிற்கும். அப்போது வளைவும் தலைகீழாகிறது. மேலே போக வேண்டிய ஒலி கூரைகளையும் தோப்பையும் தாண்டி, தொலைவில் இறங்குகிறது. கோயில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைவிட அடுத்த ஊரில் தெளிவாகக் கேட்கிறது என்று சிலர் சொல்வது பிரமை அல்ல. வாகன இரைச்சல் அடங்கிய நேரம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

காற்று ஒலியை அடித்துக்கொண்டு வருகிறது என்று சொல்வது வழக்கம். நொடிக்கு 343 மீட்டர் ஓடுவதை 5 மீட்டர் வேகக் காற்று எவ்வளவுதான் தள்ளும்? தரையருகே தடைபட்டு மெதுவாகவும், உயரே வேகமாகவும் வீசுவதால்தான் காற்று போகும் பக்கம் ஒலி கீழே வளைகிறது, எதிர்ப்பக்கம் மேலே போகிறது. பிரிட்டிஷ் அறிவியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1870களிலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். ஏரிக்கரை ஊர்களில் நட்டநடுப் பகலிலும் அக்கரைப் பேச்சு கேட்பதற்குக் காரணம், தண்ணீரை ஒட்டிய காற்று அந்த நேரத்தில் மேலே உள்ளதைவிடச் சற்றுக் குளிர்ந்திருப்பதுதான்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே நாலரை மணிப் பாட்டைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. சிக்கல் ஆறு மணிக்கு மேல்தான். மார்கழியில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 6.30 ஆகிறது, தரை சூடேற இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். அதுவரை சட்டப்படி பகல், காற்றின் கணக்கில் இரவு. மாலையிலும் பொழுது சாயும்போதே இந்த நிலை தொடங்கிவிடுகிறது.

மைக் செட் போடுபவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் கோபுரத்திலும் தென்னை மரத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கீழே இறக்க வேண்டும். அடிவானத்தைப் பார்த்துக் கட்டிய குழாயின் ஒலிதான் மேலே போய்த் தூரத்தில் வளைந்து இறங்குகிறது. 4 மீட்டர் உயரத்தில் வைத்து, 15 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதைப் பார்த்துத் திருப்பினால் சாய்வு 10 டிகிரிக்கு வரும்.

அதைவிட நல்லது, ஒரே குழாயை விட்டுவிட்டுச் சின்னப் பாக்ஸ்களாகப் பிரிப்பது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 100 மீட்டர் தெருவின் கடைசியில் 75 டெசிபல் வேண்டுமென்றால் ஒற்றைக் குழாய் தன் முன்னே 1 மீட்டரில் 115 டெசிபல் கத்த வேண்டும். ஒரு கிலோமீட்டரில் அது 55. பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பாக்ஸ் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 95 போதும். பத்தும் சேர்ந்தாலும் அதே கிலோமீட்டரில் 45தான். வளைவு இல்லாத கணக்கு இது; காற்று வளைத்தாலும் பத்து டெசிபல் லாபம் லாபம்தான். எல்லாப் பாக்ஸையும் தெருவின் ஒரே திசையைப் பார்க்க வைத்து, 10 மீட்டருக்கு 29 மில்லி செகண்ட் வீதம் டிலே கொடுக்க வேண்டும், அதாவது அடுத்தடுத்த பாக்ஸில் ஒலியை அவ்வளவு தாமதித்து விட வேண்டும். கொடுக்காவிட்டால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்லும். அது புரியவில்லை என்று வால்யூமை ஏற்றுவார்கள், குழப்பம்தான் கூடும்.

எதிரே சுவரோ கடை ஷட்டரோ இருந்தாலும் இதே கதைதான். 25 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 0.15 நொடி தாமதமாக வருகிறது, தனி எதிரொலியாகவே கேட்கும். பாக்ஸைப் பதினைந்து இருபது டிகிரி திருப்பினாலே பெரும்பாலும் தீரும்.

மதில் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். இரண்டு மீட்டர் மதிலை அது வளைந்து தாண்டிவிடும். 3000 ஹெர்ட்ஸுக்கு 11 சென்டிமீட்டர்தான், அதனால் அது மதிலோடு நின்றுவிடும். மெய்யெழுத்துகளின் தெளிவு இருப்பது அங்கேதான். ஆகவே பின் வீட்டுக்காரருக்குப் பாட்டு போய்ச் சேர்வதில்லை, 'தும் தும்' மட்டும் போகிறது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாசுரத்தில் ஒரு சொல்லும் கெடாது.

அளக்க வரும் அதிகாரிகளுக்கும் ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் வாசலில் எடுத்த அளவை வைத்து அனுமதி தருவதில் பொருளில்லை. காற்றில்லாத, வானம் தெளிந்த காலையில், ஆறிலிருந்து ஏழுக்குள், புகார் செய்தவர் வீட்டு மொட்டை மாடியில், சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி மீட்டரை வைத்து அளக்க வேண்டும். சரிபார்க்கப்படாத செல்போன் ஆப் இதற்கு உதவாது.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி