தக்காளி இல்லாத சனிக்கிழமை

மதுரை,
நவம்பர் 9

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதங்களைக் கடத்திவிட்டேன். நீ கோபித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். கோபிப்பதற்கு உனக்கு உரிமையும் உண்டு. அம்மா நலம். என் கணவருக்குத் தேனிக்கு மாற்றல் வந்து தினமும் பேருந்தில் போய் வருகிறார். புனிதாவின் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் கவின் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துத் திரும்பினான். அன்றிரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்தோம். பிறகு செய்த ஒவ்வாமைப் பரிசோதனையில் தக்காளிதான் காரணம் என்று தெரிந்தது. பச்சையாகவும் கூடாது, வேகவைத்தும் கூடாது, கெட்சப்பும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஒரு வருடமாக அவன் வாயைச் சுற்றி அவ்வப்போது தோன்றிய சிவப்பை வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தவள் நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

ரசமும் சாம்பாரும் ஒரு வாரத்திலேயே சரியாகிவிட்டன. புளி இருக்கும்போது எதற்குத் தக்காளி என்று அம்மா பழைய பக்குவத்துக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை இரவுதான் கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் பீட்சா என்பது உனக்குத் தெரியும். யாழினிக்கு வழக்கமான பீட்சாவையும் கவினுக்கு வெறும் ரொட்டியின் மேல் சீஸ் உருக்கியும் வைத்தேன். அவன் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. "எனக்குப் பசிக்கவில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி நாகரிகமாக விலகிக்கொண்டதைப் பார்த்த பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிரவு அலமாரியை ஒதுக்கும்போதுதான், மூன்று ஆண்டுகளுக்கு முன் நீ மணிலாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வாழைப்பழ கெட்சப் புட்டி கண்ணில் பட்டது. அதை வாங்கும்போது நான் சிரித்த சிரிப்பும், அதற்கு நீ முறைத்த முறைப்பும் நினைவுக்கு வந்தன. விடுதியில் தயிர்ச்சோற்றுக்குக்கூடக் கெட்சப் ஊற்றிக்கொண்ட நீ கொண்டுவந்த பொருள் என்பதால் நான் அதைத் திறக்கவே இல்லை. புட்டி காலாவதியாகியிருந்தது. ஆனால் லேபிளில் வாழைப்பழம், வினிகர், சர்க்கரை, உப்பு, மசாலா, சாயம் என்றுதான் இருந்தது. தக்காளியின் பெயரே இல்லை.

அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பிலிப்பைன்ஸின் உணவு விஞ்ஞானி மரியா ஒரோசாதான் தக்காளிக்கு மாற்றாக அங்கே எளிதில் கிடைக்கும் சபா வாழையைக் கொண்டு கெட்சப் செய்ய வழி கண்டவர் என்று சொல்கிறார்கள். போர்க்காலத்தில் பசித்தவர்களுக்கு உணவு சேர்ப்பதற்காகவே உழைத்த அந்த அம்மையார் 1945 பிப்ரவரியில், மணிலாவுக்கான சண்டையின்போது, குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். நீ தினமும் நடக்கும் ஊரில் நடந்தது இது. அந்தப் புட்டியைப் பார்த்துச் சிரித்ததற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கெட்சப் என்பதே முதலில் தக்காளியால் ஆனதில்லையாம். தென்சீனத்து ஹொக்கியன் மக்களின் மீன் ஊறல் சாற்றின் பெயர்தான் அது. ஆங்கிலேயர்கள் அதைத் தென்கிழக்கு ஆசியாவில் சுவைத்துவிட்டு, ஊருக்குப் போய் நெத்திலியிலும் காளானிலும் வால்நட்டிலும் அதே பெயரில் செய்துபார்த்தார்கள். தக்காளியைக் கொண்டு செய்யும் பக்குவத்தை பிலடெல்பியாவின் ஜேம்ஸ் மீஸ் 1812-ல்தான் அச்சிட்டார். பீட்சாவும் அப்படித்தான். இத்தாலியின் கயேட்டா ஊரில் 997-ஆம் ஆண்டு எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தில், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஆயருக்குப் பன்னிரண்டு பீட்சா கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான தக்காளி இத்தாலிக்கு வந்து சேர்ந்ததோ பதினாறாம் நூற்றாண்டில். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பீட்சா தக்காளி இல்லாமல் இருந்திருக்கிறது என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

தக்காளி இல்லாத பீட்சா சாஸுக்கான முதல் முயற்சியில் பீட்ரூட்டை அதிகமாகப் போட்டுவிட்டேன். சீஸ் ரோஜா நிறமாகி, மண் வாசனை தூக்கலாக வந்தது, யாழினிகூடத் தொடவில்லை. இப்போது மஞ்சள் பூசணி 400 கிராம், கேரட் 100 கிராம், நிறத்துக்காக மட்டும் பீட்ரூட் ஒரு சிறு துண்டு, பூண்டு ஆறு பல் ஆகியவற்றை எண்ணெயில் புரட்டி, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் விளிம்பு கருகத் தொடங்கும்வரை சுட்டு அரைக்கிறேன். வேகவைத்தால் நீர் கோத்துக்கொண்டு ரொட்டி சதசதவென்று ஆகிவிடும் என்பதால் சுடத்தான் வேண்டும். புளிப்புக்குக் கெட்டியான புளிக்கரைசல் இரண்டு தேக்கரண்டி. இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ குறைந்தது. தக்காளியில் சுவையைக் கூட்டும் குளுட்டமேட் என்ற பொருள் இயல்பாகவே நிறைய இருப்பதால்தான் நாக்கு அதைத் தேடுகிறது என்று தெரிந்ததும், உலர்ந்த காளானைப் பொடித்து ஒரு தேக்கரண்டி சேர்த்தேன். மல்லிகா, அன்றைக்குத்தான் அது சாஸ் ஆயிற்று.

வாழைப்பழ கெட்சப்பை நன்றாகப் பழுத்த மொந்தனில் செய்கிறேன். வெங்காயம், இஞ்சி, மிளகாய்த்தூள், வினிகர், வெல்லம் சேர்த்துக் கிண்டினால் உன் புட்டிக்குச் சற்றும் குறையாது. மிளகாயும் தக்காளியின் குடும்பம்தான் என்பதால் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது அவனுக்கு ஒத்துக்கொள்கிறது.

ஆனாலும், பீட்சாவுக்குக் கெட்சப் போடலாமா என்ற நம் பழைய சண்டையில் ஒரு பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெட்சப் எந்தப் பழத்தில் செய்ததானாலும் சீஸுக்கு அடியில் பூசக் கூடாது. கடைக் கெட்சப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சர்க்கரை. ஓவனின் சூட்டில் அது விளிம்பில் கருகும், நடுவில் மிட்டாய்ப் பாகுபோல் நிற்கும், வினிகரின் நெடி சீஸை அமுக்கிவிடும். வெந்து வந்த பீட்சாவைத் தொட்டுக்கொள்வதற்கு மட்டும் அது நல்ல துணை. போலந்தில் அப்படித்தான் மேலே ஊற்றிச் சாப்பிடுகிறார்களாம். ஆகவே பாதி வெற்றி உனக்கு.

மேலே தூவும் பொருள்களில் நம் ஊருக்கு ஈடு கிடையாது என்பதை இந்த எட்டு மாதங்களில் கண்டுகொண்டேன். இத்தாலியர்கள் உப்பில் ஊறிய கேப்பர் செடியின் மொட்டு போடும் இடத்தில் நான் வறுத்த சுண்டைக்காய் வற்றல் போடுகிறேன். உப்பும் கசப்பும் சேர்ந்து சீஸின் திகட்டலை முறிக்கிறது. அவர்கள் போடும் ஆன்ச்சோவி மீன் நம் நெத்திலியின் உறவு என்பதால், கருவாட்டை உப்புப் போக ஊறவைத்துப் பொரித்துத் தூவினேன். அம்மா கருவாடு பீட்சாவிலா என்று கேட்டுவிட்டு, இரண்டு துண்டு சாப்பிட்டார். மிளகாய் எண்ணெய்க்குப் பதில் இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து விளிம்பில் தடவுகிறேன். முருங்கைக்கீரையை எண்ணெயில் பிசறிப் போடாவிட்டால் சருகாகிவிடும். புதினாச் சட்னியைச் சூட்டுக்கு முன் பூசினால் கறுத்துவிடும், வெளியே எடுத்த பிறகுதான் பூச வேண்டும். அன்னாசிப்பழத்தை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவின் சாத்தம் ஊரில் சாம் பனோபுலோஸ் என்பவர் 1962-ல் அதைத் தொடங்கிவைத்தாராம். யாழினி கேட்கிறாள் என்பதற்காக ஓரத்தில் நான்கு துண்டுகள் வைத்துக் கொடுக்கிறேன்.

இவ்வளவையும் கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல்லை ஓவனுக்குள் முக்கால் மணி நேரம் காயவைத்து, அதன் மேல் 250 டிகிரியில் எட்டு ஒன்பது நிமிடம் சுட்டால், அடி மொறுமொறுவென்று வருகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர விறகடுப்பில் இதே வேலை ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நமக்கு இது போதும்.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாஸ்தான். யாழினிக்குத் தனியாகச் செய்வதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டேன். கவினுக்கு எதிரில் வேறு தட்டு வைப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. போன சனிக்கிழமை அவனே பூசணியை அரைத்து, உப்புப் பார்த்து, இன்னும் கொஞ்சம் புளி வேண்டும் என்றான். சரியாகத்தான் சொன்னான். ஜனவரியில் மறுபரிசோதனை இருக்கிறது. வயது ஏற ஏறச் சில பிள்ளைகளுக்கு இது விலகுவதுண்டு என்கிறார் மருத்துவர். நான் எதையும் எதிர்பார்க்காமல் இருக்க முயல்கிறேன், முடியவில்லை.

நீ பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, அது உறுதிதானா? வரும்போது அந்தக் கெட்சப் இரண்டு புட்டி கொண்டு வா. கடையில் நின்று லேபிளை முழுவதும் படித்துவிட்டு வாங்கு. தக்காளி விழுது கலந்திருந்தால் எடுக்காதே. ஒரு புட்டி கவினுக்கு. மற்றதை நாம் திறப்போம், தயிர்ச்சோறு நான் பிசைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
சாரதா