பாலக்காட்டில் வீடு தேடும் தங்கச்சி மகளுக்கு

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டது இரண்டே கேள்வி. உன் வேலை இருக்கிற கஞ்சிக்கோட்டுக்குப் பக்கம் எது, வாடகை எங்கே குறைவு. இரண்டுக்கும் ஒரே பதில், கஞ்சிக்கோடுதான். அங்கே வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய்.

கஞ்சிக்கோடு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற இடம், கண்ணு. வாளையாறு தாண்டி மலை இரண்டு பக்கமும் விலகி நிற்கிற அந்தக் கணவாயின் வாயிலேயே இருக்கிறது. மார்கழி, தை மாதத்தில் நம்ம பக்கத்துக் காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழையும். அங்கே காற்றாலை நிற்பது சும்மா இல்லை. காயப்போட்ட துணி பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும், உதடு வெடிக்கும். வாளையாறு வரைக்கும் ரயில் பாதை காட்டை ஒட்டிப் போவதால் யானை வேறு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நடந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "இன்னிக்கு எங்கே நிக்குது?" என்றுதான். வடநாட்டுப் பையன்கள் லைன் வீடுகளில் ஆறேழு பேராகச் சேர்ந்து இருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. உனக்கு இருக்கிறது.

கல்யாணமாகி 27 வருஷத்தில் நான் இந்த ஊரில் நாலு வீடு பார்த்துவிட்டேன். முதல் வீடு ஒலவக்கோட்டில், உன் பெரியப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஸ்டேஷன் போர்டில் பாலக்காடு ஜங்ஷன் என்று இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் ஒலவக்கோடுதான். அங்கே பொள்ளாச்சியை விட்டு வந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கம் ஈரோட்டுக்காரர், அந்தப் பக்கம் ஜோலார்பேட்டைக்காரர், நடுவில் செம்பருத்தி வேலி. வேலிக்கு மேலே கிண்ணம் கைமாறும். எந்த வீட்டு ஆள் எந்த வண்டியில் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்பது காலனிக்கே தெரியும். 2007இல் பாலக்காடு ரயில்வே கோட்டத்திலிருந்து சேலம் கோட்டத்தைத் தனியாகப் பிரித்தபோது கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் எல்லாம் அங்கே போய்விட்டன. இங்கே பெரிய போராட்டமே நடந்தது. எனக்குப் போராட்டத்தைவிட நினைவில் இருப்பது, எங்கள் வரிசையில் இரண்டு குடும்பம் ஒரே வாரத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியதுதான். வேலி அப்படியே இருந்தது. கிண்ணம் நின்றுவிட்டது.

அப்புறம் பையன் பள்ளிக்கூடத்துக்காக டவுனுக்கு வந்து, மேலாமுறிப் பக்கம் மூன்று வருஷம் இருந்தோம். காய்கறி மார்க்கெட் பகுதி அது. விடியுமுன்னே தமிழ்நாட்டு லாரிகள் வந்து நிற்கும், தூக்கம் கிடையாது, ஆனால் தக்காளி மலிவு. பக்கத்து வீடு ராவுத்தர் குடும்பம். வெளியே மலையாளம், வீட்டுக்குள் சுத்தமான தமிழ், அப்பாவை அத்தா என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். வெளியூர்க்காரி என்றால் அங்கே நான்தான். வெயில் மட்டும் தாங்காது. ஏப்ரலில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது, நெருக்கமான தெருவில் அது இன்னும் ரெண்டு கூட என்று தோன்றும்.

சரி, கல்பாத்திக்கு வருகிறேன். நீ படத்தில் பார்த்துவிட்டு "அங்கேதான் பெரியம்மா இருக்கணும்" என்று சொன்ன இடம்.

புதுக்கல்பாத்தியில் நாலு வருஷம் இருந்தேன். அக்கிரகாரத் தெரு முழுவதும் ஒரே நீள வீடு மாதிரி இருக்கும், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அகலம் மட்டும் இருக்காது. தெரு முனையில் இறங்கினால் ஆறு, விசுவநாதர் கோயில். காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். ஐப்பசிக் கடைசியில் தேர் இழுக்கிற மூன்று நாளும் உன் வீடு உன் வீடாக இருக்காது. திண்ணையில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், பாத்ரூம் கேட்பார்கள். அதை வாசல் தெளிப்பது மாதிரி சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால் பிழைத்தாய். பாரம்பரியத் தெரு என்பதால் முகப்பை நினைத்தபடி இடித்துக் கட்டவும் முடியாது. வீட்டுக்காரர்களுக்கு அதில் வருத்தம்தான், வாடகைக்காரிக்கு அதனால் நல்ல காற்று.

வீடு தருமுன்னே கேட்டார்கள். நேரடியாக இல்லை. "நீங்க சுத்த சைவம்தானே?" என்றார்கள். உன் பெரியப்பா என்னைப் பார்த்தார், நான் "ஆமாங்க" என்றேன். நாலு வருஷம் முட்டைகூட அந்தப் படி ஏறவில்லை. கருவாட்டு ஆசை வந்தால் பஸ் ஏறி உன் அம்மா வீட்டுக்கு வந்தேனே, அதற்குக் காரணம் இதுதான். தங்கச்சியைப் பார்க்கிற ஆசை என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். சொல்லிவிடாதே.

அந்த ஒற்றைச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமி தாளித்தால் என் கூடத்தில் கடுகு வெடிக்கும். நானும் பெரியப்பாவும் ஒருநாள் ராத்திரி போட்ட சண்டைக்கு, மறுநாள் காலையில் மாமி கோலம் போட்டுக்கொண்டே தீர்ப்பு சொன்னார். தீர்ப்பு பெரியப்பா பக்கம். ஒரு வாரம் மாமியோடு பேசவில்லை நான். அதே மாமிதான், பெரியப்பா ரயில் டூட்டியில் போயிருந்த ஒரு நாள், ஏழு மணியாகியும் என் மிக்ஸி சத்தம் கேட்கவில்லை என்று வந்து கதவைத் தட்டினார். எனக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

இப்போது இருக்கிற சந்திரநகர் வீடு நீ பார்த்ததுதான். சொந்த வீடு, நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், கிணறு, ரெண்டு மா, ஒரு முருங்கை. கோயம்புத்தூர் ரோட்டை ஒட்டி இருப்பதால் கஞ்சிக்கோட்டுக்கு பஸ் வசதி. கிணறு பங்குனியில் அடி தெரியும், குழாயில் வருகிற மலம்புழை அணைத் தண்ணீர்தான் அப்போது கைகொடுக்கும். (அந்த அணையைத் திறந்தது 1955இல், இந்த ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தபோது. காமராஜர் முதல்வர். இங்கே எவனாவது "நீ தமிழ்நாட்டுக்காரி" என்றால் இதைச் சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடி.) மாதம் ஒருமுறை வீடு வீடாகக் குப்பை வாங்குகிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக்கை எண்ணாத குறையாக வாங்கிப் போவார்கள், கழுவிக் காயவைத்துத் தர வேண்டும். சோறு, காய்த்தோல் எல்லாம் உன் பொறுப்பு. இது எந்தப் பகுதிக்குப் போனாலும் உண்டு, பழகிக்கொள்.

சந்திரநகரில் நானும் பெரியப்பாவும் தொண்டை கிழியச் சண்டை போடுகிறோம், ஒரு ஈ காக்கை கேட்பதில்லை. ரொம்ப நிம்மதி. போன ஆவணியில் ரெண்டு வீடு தள்ளி இருந்த தாத்தா தவறிவிட்டார். காலையில் நான் கேட்டைத் திறந்து பால் எடுக்கிறபோது எதிரே வாக்கிங் போவாரே, அவர். அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது அடக்கமே முடிந்திருந்தது.

அதனால் நீ கேட்காத மூன்றாவது கேள்விக்கும் சேர்த்து ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். சாத்தபுரத்தில், கல்பாத்திக்கு அடுத்த தெருக்கள்தான். வீட்டுக்காரர்கள் பம்பாயில், கீழே அவர்கள் அத்தை தனியாக இருக்கிறார், உனக்கு மாடி. வாடகை கஞ்சிக்கோட்டைவிடக் கூடத்தான். அத்தைக்குக் காது கூர்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டரைக்கு மேல் வந்தால் ஏன் என்று கேட்பார். உனக்கு எரிச்சல் வரும். உன் வயதில் நானாக இருந்தால் முதல் மாசமே சண்டை போட்டிருப்பேன். சைவம்தான், அதில் பேச்சே இல்லை. பிடிக்கவில்லை என்றால் சந்திரநகரிலேயே ஒரு போர்ஷன் பார்க்கலாம், ஆனால் முதலில் இதைப் பார்.

சனிக்கிழமை கோபாலபுரம் வழி பஸ்ஸில் வா, ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் வீட்டைப் பார்ப்போம், திண்ணையில் ஆள் இருக்கிற நேரம் அது. ராத்திரி என்னோடு தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம். வரும்போது சந்தையில் நல்ல நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ வாங்கி வா. இந்த வீட்டில் வறுத்தால் வாசம் யாருக்கும் போகாது.

பெரியம்மா