‘அப்புறம் சொல்கிறேன்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் என் மகளுடன் பணிபுரியும் தோழி ஒருவர், தாராசுரம், தஞ்சாவூர் கோயில்களைப் பார்ப்பதற்காகச் சென்ற மாதம் கும்பகோணத்திலுள்ள எங்கள் வீட்டில் நான்கு நாள்கள் தங்கினார். அவர் பிறவியிலேயே காது கேளாதவர். உடன் வருவதாக இருந்த மகளுக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்காததால், சைகை மொழியில் ஒரு சொல்லும் அறியாத நானும் என் மனைவியுமே முதல் இரண்டு நாள்கள் அவருக்குத் துணை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செவித்திறன் குறையுடையோர் நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் என்கிறது. அவர்களில் ஒருவர் எந்த வீட்டுக்கும் விருந்தினராக வரக்கூடும் என்பதால், நாங்கள் செய்த தவறுகளை எழுதுகிறேன்.

உதட்டசைவைக் கொண்டு புரிந்துகொள்வார் என்று மகள் சொன்னதை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம். முதல் நாள் மாலை, “மடத்துக்குப் போகலாமா?” என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு தலையாட்டி, உடை மாற்றிக்கொண்டு வந்தவர், ‘எந்தப் படம்?’ என்று கைப்பேசியில் எழுதிக் காட்டினார். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன என்பது, எழுத்துகளின் பிறப்பிலக்கணத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மீசையும், சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்து பேசும் பழக்கமும் அவருக்குக் கூடுதல் இடைஞ்சல்.

பிறகு ஒரு நோட்டு வாங்கினோம். அலுவலகக் கடிதம் போல நான் நீட்டி எழுதியதைப் படித்தவர், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும்படி கேட்டுக்கொண்டார். சைகை மொழி என்பது தமிழைக் கைகளால் பேசுவதன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. அதிலேயே வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாவது மொழி.

காலையில் காபியுடன் சென்று கதவைத் தட்டிக்கொண்டே நின்றது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முதல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். தலையணைக்கு அடியில் வைத்திருந்த கைப்பேசியின் அதிர்வில் எழுந்துகொண்டார். இரவு மின்சாரம் நின்றபோதுதான் திகைத்துப் போனோம். நமக்கு இருட்டில் பேச்சாவது துணைக்கு இருக்கிறது. அவருக்கு வெளிச்சத்தோடு பேச்சும் போய்விடுகிறது. என் மனைவி கைப்பேசி விளக்கைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டு சிரித்துக் காட்டிய பிறகே அவர் சற்று அமைதியானார்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சாப்பாட்டு நேரத்தில் நடந்ததுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. இரண்டாம் நாள் இரவு உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர் எதிரிலேயே ஒருவர், “பாவம், ஊமையா?” என்று கேட்டார். உதடுகளில் வேறு எது தப்பினாலும் அந்தச் சொல் அவருக்குத் தப்பவில்லை என்பதை முகம் காட்டியது. பின்னர் யாரோ பழைய கல்யாணக் கதையொன்றைச் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என்னவென்று கண்ணால் கேட்டவருக்கு நோட்டில், ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று எழுதினேன். அவர் அதன் கீழே, ‘அப்புறம் என்றால் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்’ என்று எழுதிவிட்டு, ரசத்தைப் பிசையத் தொடங்கினார். இலையில் குறை வைக்காத நாங்கள் அவரைப் பேச்சில் பட்டினி போட்டிருந்தோம். அன்று முதல், ஒருவர் அவர் பக்கத்தில் அமர்ந்து, நடக்கும் பேச்சை அரைகுறையாகவேனும் அவ்வப்போது எழுதிக்கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். எழுதுகிறவருக்குச் சோறு ஆறிப்போகும், அதனால் என்ன?

அடுத்த வீட்டுச் சிறுவன் இணையத்தில் பார்த்து ஒரே இரவில் ஒற்றைக் கையால் ஆங்கில எழுத்துகளைக் காட்டப் பழகி வந்தான். அது அமெரிக்க முறையாம். இந்திய சைகை மொழியில் எழுத்துகளுக்கு இரு கைகளும் வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். புது தில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டுள்ளது. அதிலிருந்து ‘சாப்பிட்டீர்களா’, ‘போதுமா’, ‘வலிக்கிறதா’ போன்ற அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய சைகைகளை, வாரம் நான்காகப் படத்துடன் தங்கள் ஞாயிறு இதழில் வெளியிடலாமே. சைகை மொழிகளுக்கான பன்னாட்டு நாளான செப்டம்பர் 23-ஐ ஒட்டித் தொடங்கினாலும் சரி. அவர் மார்கழியில் மீண்டும் வருவதாகச் சொல்லியிருப்பதால், அதற்கு முன் தொடங்கினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்.