அக்காவுக்கு, ஸ்டாட்டன் தீவிலிருந்து

ஸ்டாட்டன் தீவு, நியூயோர்க்
நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். அம்மா, அத்தான், பிள்ளைகள், நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கக் கோணேசர் துணை. உங்கள் கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. வாட்ஸ்அப்பில் கேட்காமல் தாள் எடுத்து எழுதியிருக்கிறீர்கள் என்றால் விஷயம் பெரிதென்று உறையைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. அத்தான் பக்கத்தில் இருக்கும்போது போனில் கதைக்க ஏலாது என்பதும் விளங்குகிறது. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதவில்லை என்று ஏசியிருந்தீர்கள். சரி, ஏச்சு வந்து சேர்ந்தது.

பெரியவன் பொலிசில் சேர விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறான், அம்மா இரண்டு நேரமாகச் சாப்பிடவில்லை, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முதல் எங்கள் கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் பொலிஸ்தான். நியூயோர்க் பொலிசில் டிடெக்டிவ். ஐம்பது தாண்டிய மனுசன், இத்தாலிய வம்சம். இந்தத் தீவில் பொலிஸ்காரர் குடும்பங்கள் நிறைய.

வேலைக்குச் சீருடை கிடையாது. கோட்டும் டையும்தான். கோட்டைக் கழற்றினால் இடுப்பில் கறுப்புக் கைத்துவக்கு, அதற்குப் பக்கத்திலேயே பெல்ட்டில் பொன்னிற வில்லை, பொலிஸ் என்று காட்டுகிற உலோக அடையாளம். டிடெக்டிவ்மாருக்குப் பொன்னிறம், சாதாரண பொலிஸ்காரருக்கு வெள்ளி நிறம், அதில் இலக்கமும் இருக்கும். போன கிழமை அந்தக் கோலத்திலேயே முற்றத்தில் நின்று தன் அத்திமரத்தைப் போர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் பழைய கம்பளி, அதன்மேல் தறப்பாள், உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இங்கத்தைக் குளிருக்கு அத்தி பட்டுவிடுமாம். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறார்களாம். மனைவி பிரிந்து போய்விட்டா. மரத்தோடுதான் கதை.

அவரை நான் முதலில் கண்டது பேக்கரியில். பாணுக்கு வரிசையில் நிற்கிறார், துவக்கு அப்படியே வெளியே தெரிகிறது. முன்னும் பின்னும் நின்ற கிழவிகள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ கை தானாகப் பின்பொக்கற்றுக்குப் போய்விட்டது, ஐசி, அதுதான் அடையாள அட்டை, எடுக்க. இங்கே ஏது ஐசி? ஆனாலும் கை போனது. ஊரில் மார்க்கட்டடியிலும் கோட்டைவாசலிலும் மறித்து மறித்துப் பழக்கிய கை.

வேலையிடத்தில் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். என்னோடு பாத்திரம் கழுவுகிறவர் கினி நாட்டுக்காரர். அவர் சிரிக்கவில்லை. இங்கே பொலிசைக் கண்டால் பொக்கற்றுக்குள் மட்டும் கையை விடாதே என்றார். 1999 பெப்ரவரியில் அவருடைய நாட்டுப் பெடியன் ஒருவன், அமடு டியாலோ என்று பெயர், பிராங்ஸில் தன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். சிவில் உடுப்பில் வந்த நான்கு பொலிஸ்காரர் அவனைப் பார்த்து 41 வெடி வைத்தார்கள். 19 பட்டது. அவன் பொக்கற்றிலிருந்து எடுத்தது பேர்ஸ். ஊரில் கையைப் பொக்கற்றில் போடப் பிந்தினால் அடி விழும், இங்கே போட்டால் வெடி. வழக்கில் நான்கு பேரும் விடுதலை. அவர்கள் இருந்த சிவில் பிரிவை 2002இல் கலைத்தார்கள். அதே மாதிரி வேலை செய்த வேறு சிவில் பிரிவுகளை 2020இல் கலைத்து, 2022இல் வேறு பெயரில், பொலிஸ் என்று தெரிகிற உடுப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

டிடெக்டிவிடம் டியாலோவின் கதையை நான் எடுக்கவில்லை. துவக்கை ஏன் மறைக்காமல் திரிகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். துவக்கு தெரிந்தால் வில்லையும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சனம் பதறும், அதைவிட இன்னொரு பொலிஸ்காரனே என்னைச் சுட்டுவிடுவான் என்றார். அதற்காகச் சிவிலில் போகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு நிறம் சொல்வார்களாம், அந்த நிறத்துப் பட்டியைக் கட்டியிருந்தால் தங்கள் ஆள் என்று அர்த்தம். அப்படியிருந்தும் 2009இல் கிழக்கு ஹார்லத்தில் வேலை முடிந்து வந்த ஒரு பொலிஸ்காரரைச் சிவிலில் நின்ற இன்னொரு பொலிஸ்காரர் கள்ளன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். இறந்தவர் கறுப்பினத்தவர். அதை டிடெக்டிவ் சொல்லவில்லை, நான் பிறகு பத்திரிகையில் வாசித்தேன்.

இன்னொன்று, இந்த மாநிலத்தில் பொதுசனம் கைத்துவக்கை வெளியே தெரியக் கொண்டு திரிய ஏலாது. ஆகவே இடுப்பில் ஒன்று தெரிந்தால் ஆள் பொலிசாகத்தான் இருக்க வேண்டும். ஹூஸ்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகனைக் கேட்டால் கதை வேறு. டெக்சாஸில் 2021இலிருந்து 21 வயது வந்த ஆட்களில் பெரும்பாலானோருக்கு அனுமதிப் பத்திரமே வேண்டாம். யார் பொலிஸ், யார் மாட்டுக்காரன் என்று பார்த்துச் சொல்ல ஏலாதாம்.

அக்கா, எங்கள் ஊர்ச் சிவில்காரரை உங்களுக்கு மறந்திருக்காது. சேட்டை வெளியே விட்டு, செருப்போடு, கச்சான் வண்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இடுப்புப் புடைத்திருப்பதைப் பார்த்து ஆள் என்று சொல்லிவிடுவோம், ஆனால் யாருடைய ஆள் என்று சொல்ல முடியாது. பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. வானுக்கும் நம்பர் தகடு இல்லை. 2006 ஜனவரியில் திருகோணமலைக் காந்தி சிலையடியில் அந்த ஐந்து மாணவப் பெடியளையும் சுட்டுக் கொன்ற பிறகு அம்மா என்னைக் கடற்கரைப் பக்கமே விடவில்லையே. இங்கே ஒருவனுடைய வில்லை இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் முறைப்பாடு கொடுக்கலாம். நியாயம் கிடைக்குமா என்பது வேறு. யார்மேல் கொடுப்பது என்றாவது தெரியும்.

இந்த வருடம் அதுவும் குழம்பிப் போய்த்தான் கிடக்கிறது. குடிவரவுக்காரர் சாதாரண உடுப்பில் முகத்தை மூடிக்கொண்டு நீதிமன்ற வாசலில் நின்று ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். கலிபோர்னியாவில் முகமூடிக்கு எதிராகச் செப்டம்பரில் சட்டமே போட்டார்கள். டிடெக்டிவ் கூட அவர்களைத் திட்டுகிறார், எங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் என்று. என் கடதாசிகள் எல்லாம் ஒழுங்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தப் பந்தியை அவவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

குளிர் தொடங்கிவிட்டது. அறையில் ஹீற்றர் இருக்கிறது, ஆனால் இரண்டு சுவெட்டர் போட்டால் அது தேவைப்படுவதில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. விக்டரி வீதிப் பக்கம் எங்கள் நாட்டுக் கடைகள் இருக்கின்றன, மீன் பணிஸ்கூடக் கிடைக்கும். நான் வீட்டிலேயே பருப்பும் சோறும் சமைப்பதால் அங்கே அதிகம் போவதில்லை. வேலைக்குப் போவது கப்பலில், செம்மஞ்சள் நிறத்தில் பெரிய கப்பல், காசு எடுப்பதில்லை. இயந்திரம் உறுமத் தொடங்கினால் மூதூர் லோஞ்சின் டீசல் மணம் மூக்கில் அடிக்கிறது. அப்பாவின் மடியில் இருந்து மீன் பார்த்துக்கொண்டு போனது, நீங்கள் சத்தி எடுத்தது, அம்மா தேசிக்காய் தந்தது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒருநாள் இறங்கி, வேலைக்குப் போகாமல் அடுத்த கப்பலிலேயே திரும்பவும் வந்துவிட்டேன். அதை விடுங்கள்.

பெரியவன் விஷயம். சேரட்டும் அக்கா. அப்பாவின் சைக்கிள் களவு போனபோது முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்களே. அந்த மேசையில் எங்கள் பிள்ளை ஒருவன் இருந்தால் நாலு கிழவருக்காவது உதவும். ஆனால் ஒரு வாக்கு வாங்குங்கள்: பெயரும் இலக்கமும் தெரிகிற சீருடையில்தான் நிற்க வேண்டும். சிவிலில் வா, சம்பளம் கூட என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது. அத்தான் மறுத்தால் எனக்கு ஒரு மிஸ்கோல் தாருங்கள், நான் கதைக்கிறேன்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். இங்கே ஒரு சட்டத்தரணிக்குக் கட்ட வேண்டியிருந்தது, பெரிய விஷயமில்லை. அதுவரை அடகில் இருக்கிற சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டுங்கள், மூழ்க விடாதீர்கள். உப்புவெளிக் காணியை அளக்கச் சின்ன மாமா நில அளவையாளரைக் கூட்டிவருவதாகச் சொன்னாராம். வேலிக் கரையில் அவர் தனியாக நிற்க விடாதீர்கள், அத்தானும் நிற்கட்டும். காணி உறுதிப் பத்திரம் அலுமாரியின் மேல்தட்டில், அப்பாவின் வேட்டிக்குக் கீழே இருக்கிறது. அசலைக் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதி போதும். சின்னவளுக்கு ஓ.எல். பரீட்சை வருகிறது, ரியூசன் காசை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் சீலாக் கருவாடும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுங்கள். கருவாட்டை மூன்று பையில் சுற்றுங்கள், போனமுறை கொண்டுவந்தவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

அன்புடன்,
தம்பி